கவிழ்த்து வைத்த துரும்பு

போக்கர் பழக வேண்டும் என்று என்னைத் தேடி வருகின்ற பிள்ளைகளுக்கு நான் முதற் காரியமாகச் செய்வது, 52 தாள் கொண்ட புதுக் கட்டொன்றைப் பிரித்து, அதிலே இரண்டு முதல் ஆறு வரையுள்ள 20 தாள்களையும் பொறுக்கி அப்பால் வைத்துவிடுவதுதான். மிஞ்சுகின்ற 32 தாளோடு அவர்களை முந்நூற்றி நாலு விளையாட வைக்கிறேன். இலண்டன் மாநகரத்துச் சூதாட்ட விடுதியொன்றிலே இருபது வருஷம் தாள் பகிர்ந்து சீவனம் நடத்திய ஒருவன், கேட்ட வித்தையைக் கற்பிக்காமல் ஊர்த் திண்ணை விளையாட்டைக் கற்பிக்கிறானே என்று அவர்கள் முகம் வாடுவதைக் கண்டிருக்கிறேன். ஆயினும் அந்த உத்தியோகத்துக்கு வேண்டியிருந்த நிதானத்தையும், போன தாளை நினைவில் இருத்தும் பயிற்சியையும், எதிரே இருப்பவனின் கண்ணையும் விரலையும் கவனிக்கும் பழக்கத்தையும் நான் பெற்றுக்கொண்டது யாழ்ப்பாணத்து வேலணையிலே, ஒரு செத்த வீட்டுப் பந்தலின் கீழே, பெற்றோல்மாக்ஸ் விளக்கின் இரைச்சலுக்கும் பூச்சிகளுக்கும் நடுவே என்பதனால், என் மாணாக்கரையும் அந்த வழியாகவே அழைத்துப் போவதுதான் முறை என்று கருதுகிறேன்.

எங்கள் பக்கத்திலே சீட்டு என்று சொன்னால், மாதாமாதம் பணம் கட்டி முறைவைத்து எடுக்கும் சீட்டைத்தான் சனங்கள் முதலில் நினைப்பார்கள். விளையாடும் சீட்டுக்குக் கடதாசி என்றும் தாள் என்றும் பெயர். பிரேதம் கிடக்கும் வீட்டிலே இராமுழுவதும் கண்விழித்திருக்க வேண்டிய ஆண்பிள்ளைகள், பந்தலின் ஒரு மூலையில் பாயை விரித்துக் கடதாசி விளையாடுவது நெடுங்காலத்து வழக்கம். துக்க வீட்டிலே விளையாட்டா என்று வெளியூரார் முகஞ் சுளிக்கலாம். அந்த வீட்டாரோ, தங்கள் துயரத்துக்குத் துணையாக நாலு பேர் தூங்காமல் இருக்கிறார்கள் என்றே எண்ணுவார்கள். நள்ளிரவுக்கு மேல் தேநீரும் வெற்றிலைத் தட்டமும் அந்தப் பாய்க்குத்தான் முதலில் வரும். கலியாண வீட்டிலும் முதல்நாள் இரவு இதே பாய், இதே விளையாட்டு.

அந்தத் தட்டத்தைக் காவிக்கொண்டு போகிற சிறுவனாக நான் இரண்டு வருஷம் பாயின் விளிம்பில் இருந்திருக்கிறேன். யாரும் எனக்கு விதி சொல்லித் தந்ததில்லை. பார்த்துக்கொண்டிருப்பதுதான் பாடம், வாய் திறந்தால் எழுப்பிவிடுவார்கள். 1967ஆம் ஆண்டு, எனக்குப் பன்னிரண்டு வயது நடக்கையில், ஒரு செத்த வீட்டிலே நாலாவது ஆளாக இருந்தவர் விறகு கொத்தும் அலுவலுக்கு எழுந்து போக, என் தாயாரின் தமையனார், அவரை நான் அம்மான் என்றே அழைப்பேன், தமக்கு எதிரே காலியாகக் கிடந்த இடத்தைக் காட்டி, ‘இரு தம்பி, உன்ரை கண் இரண்டு வருஷமாய் விளையாடுது, இண்டைக்குக் கையும் விளையாடட்டும்’ என்றார்.

விளையாட்டின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். நாலு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் ஒரு கட்சி. ஒவ்வோர் இனத்திலும் எட்டுத் தாள். அவற்றுள் ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குயினுக்கு 2. எட்டும் ஏழும் வெறுந்தாள். ஓர் இனத்துக்கு 76, நாலு இனத்துக்கும் சேர்த்து 304. விளையாட்டின் பெயரும் அதுவே. ஆசும் இராசாவும் தலைகுனிந்திருக்க, சேவகனாகிய ஜாக்கும் அவனுக்கு அடுத்து ஒன்பதும் உச்சியில் ஏறியிருக்கும் இந்த விசித்திரமான வரிசை எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றி நான் பிற்காலத்தில் மிகவும் யோசித்ததுண்டு. ஒல்லாந்த தேசத்திலே இன்றும் ஆடப்படுகின்ற கிளாவர்யாஸ் என்னும் ஆட்டத்தில் துரும்பு இனத்து, அதாவது மற்ற இனங்களை வெட்டும் இனத்து, ஜாக்கு 20 புள்ளியும் ஒன்பது 14 புள்ளியும் பெற்று ஆசுக்கு மேலே நிற்கின்றன. அந்தக் குடும்பத்து ஆட்டமொன்று ஒல்லாந்த வணிகரோடு கப்பலேறி எங்கள் கரைக்கு வந்திருக்க வேண்டும் என்பது சீட்டாட்ட வரலாற்றை ஆராய்ந்தோரின் அபிப்பிராயம். எனக்கு அதிலே அதிசயம் தோன்றவில்லை. 1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், வேலணையும் ஊர்காவற்றுறையும் அடங்கிய எங்கள் தீவுக்கு லைடன் என்றும், நயினாதீவுக்கு ஹார்லெம் என்றும், புங்குடுதீவுக்கு மிடில்பர்க் என்றும் தங்கள் நாட்டு நகரங்களின் பெயரைச் சூட்டியவர்கள். ஊர்காவற்றுறைக் கடலிலே அவர்கள் காவலிருந்த ஹம்மன்ஹீல் கோட்டை இன்றும் நீருக்கு நடுவே நிற்கிறது. அந்தக் கோட்டைச் சிப்பாய்கள் கடற்காற்றைத் தவிர வேறு துணையில்லாத இரவுகளைக் கடதாசி இன்றியா கழித்திருப்பார்கள்? இனங்களின் பெயர்களிலே அவர்களுடைய ஸ்கொப்பன் எங்கள் வாயில் இஸ்கோப்பன் ஆயிற்று. கிளாவர் கிளாவராகவே நின்றது. ட்ரூஃப் என்ற சொல்லே துருப்பு ஆகி, யாழ்ப்பாணத்துப் பேச்சில் துரும்பு ஆயிற்று. லைடன் என்ற பெயரைச் சனங்கள் ஒருநாளும் வாயிலெடுக்கவில்லை. துரும்பை விடவில்லை.

தாள் போடுகிறவர் முதலில் ஆளுக்கு நாலு தாள்தான் போடுவார். எட்டில் பாதியைக் கண்ட மாத்திரத்தில், மற்றப் பாதி எப்படி வரும் என்று தெரியாத நிலையிலே, கேள்வி கேட்க வேண்டும்; அதாவது, தம் கட்சி எத்தனை புள்ளி பிடிக்கும் என்று சொல்ல வேண்டும். 304இல் சரிபாதி 152 ஆகையால், பாதிக்குச் சற்று மேலாக 160 என்பதே குறைந்த கேள்வி. உயர்ந்த கேள்வி கேட்டவர் தம் கையிலிருந்து ஒரு தாளைத் துரும்பாகக் கவிழ்த்து வைப்பார். அது எந்த இனம் என்பது அவர் ஒருவருக்கே தெரியும். எதிரே இருக்கும் சொந்தக் கட்சிக்காரருக்கும் தெரியாது. பிறகு மற்ற நாலு தாளும் வரும். ஆட்டம் நடக்கையில் கேட்ட இனம் கையில் இல்லாதவர், வெட்ட எண்ணினாலும் சரி, வெறுந்தாளைக் கழிக்க எண்ணினாலும் சரி, தாளைக் கவிழ்த்தே போட வேண்டும். கேள்வி கேட்டவர் அந்தத் தாளைத் தாம் மாத்திரம் எடுத்துப் பார்ப்பார். துரும்பாயிருந்தால் எல்லாரும் காணத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் பேசாமல் முன்போலவே கவிழ்த்துவிட வேண்டும். இந்தச் சிறிய சடங்கிலேதான் இந்த ஆட்டத்தின் உயிர் இருக்கிறது என்பது என் துணிபு. பல பேர் அறியாத ஒன்றை அறிந்துகொண்டு, அறிந்தது முகத்தில் தோன்றாமல் இருக்கப் பழகுவதற்கு இதைப்போல வேறொரு பள்ளிக்கூடத்தை நான் கண்டதில்லை.

அன்றிரவு எனக்கு இஸ்கோப்பனில் ஜாக்கும் ஒன்பதும் எட்டும், அவற்றோடு கிளாவர் பத்தும் வந்தன. நெஞ்சு அடித்துக்கொள்ள 160 கேட்டேன். மற்ற மூவரும் விட்டுவிட்டார்கள். இஸ்கோப்பன் எட்டைக் கவிழ்த்து வைத்தேன். ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில், என் இடப்பக்கத்தில் இருந்தவர் இஸ்கோப்பன் ஏழை இறக்கினார். ஜாக்கைப் போட்டுப் பிடித்துவிட்டேன், பிடித்ததிலே பிழையில்லை. ஆனால் இஸ்கோப்பன் பாயில் விழுந்த அந்தக் கணத்தில் என் கண், எனக்குத் தெரியாமலே, விளக்கின் கீழே கவிழ்ந்து கிடந்த என் துரும்பின்மேல் ஒருமுறை போய்த் திரும்பியது. என் வலப்பக்கத்தில் இருந்த முதியவர் வெற்றிலையை மென்றபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை நான் கவனிக்கவில்லை. அதற்கு இரண்டு பிடி தள்ளி, அம்மான் கிளாவர் ஜாக்கை இறக்கினார். அவருக்கு அடுத்தவர் கிளாவர் ஏழு போட்டார். பிடி எங்களுடையதுதான் என்ற நம்பிக்கையோடு நான் என் பத்தைக் கொடுத்தேன். கடைசியாகப் போட வேண்டிய முதியவர், கையில் கிளாவர் இல்லாமையால், ஒரு தாளைக் கவிழ்த்து என் பக்கம் தள்ளினார். எடுத்துப் பார்த்தேன், இஸ்கோப்பன் ஆசு. 30உம் 10உம் 11உம் ஆக 51 புள்ளி ஒரே பிடியில் எதிர்க்கட்சிக்குப் போயின. துரும்பு எது என்று தெரியாமல் வெட்டுகிறவர் பல தாளைக் கழித்துத் தேட வேண்டியிருக்கும். அவருக்கோ தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கேள்வியில் தோற்று, தோற்றவனின் அடையாளமாகப் பூவரசம் இலை ஒன்றைக் காதிலே செருகிக்கொண்டு விடியும்வரை இருந்தேன்.

காலையிலே புகையிலைத் தோட்டங்களின் ஊடாக வீட்டுக்குத் திரும்பும்போது அம்மான் கோபிக்கவில்லை. துலா மிதிக்கிற ஓசை கேட்கிற வரம்பிலே நின்று, ‘தாள் அவையின்ரை கையிலை இருக்கேல்லை, தம்பி. உன்ரை கண்ணிலை இருந்தது’ என்றார். சற்றுத் தூரம் நடந்த பிறகு, ‘கண்ணைக் கட்டிப்போட ஏலாது. எங்கை வைக்கிறதெண்டு முதலே ஒரு இடம் பாத்து வை. ஒவ்வொரு தரமும் அந்த இடத்திலேயே வை’ என்று சேர்த்துச் சொன்னார். அன்று முதல், நல்ல தாள் வந்தாலும் கெட்ட தாள் வந்தாலும், பாயின் நடுவிலே தாள் விழுகிற இடத்தையே பார்ப்பது எனக்குப் பழக்கமாயிற்று. பிற்காலத்திலே போக்கர் மேசையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டும் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டும் வருகின்ற ஆட்டக்காரரைக் காணும்போதெல்லாம் அந்த வரம்பும் அந்த வார்த்தையும் என் ஞாபகத்துக்கு வரும்.

என் தகப்பனார் தெற்கிலே, காலிப் பக்கத்தில், சுருட்டுக்கடை வைத்திருந்தார். தீவுப்பகுதியார் பலர் அக்காலத்திலே சிங்கள ஊர்களில் சுருட்டும் பலசரக்கும் விற்று வாழ்ந்தவர்கள். பள்ளி விடுமுறையில் நான் அங்கே போனால், இரவு பலகைக் கதவு அடைத்தபின் கடைப்பெடியன்களும் பக்கத்துக் கடைச் சிங்கள அண்ணையும் சேர்ந்து உட்காருவார்கள். அவர்களுக்கும் இந்த ஆட்டம் தெரியும். துன்சிய ஹதர என்பார்கள். எனக்குச் சிங்களம் தெரியாது, அவருக்குத் தமிழ் வராது. ஆனாலும் எதிரெதிரே ஒரே கட்சியாக இருந்து, அவர் போடும் தாளின் பொருளை நான் அறிந்தும் என் தாளின் பொருளை அவர் அறிந்தும் விளையாடினோம். கட்சிக்காரனுக்குக் கண்ணாலோ கையாலோ சாடை காட்டுவது இழிவு; ஆனால் எந்தத் தாளை எப்போது போடுகிறோம் என்பதே ஒரு பாஷை. அந்தப் பாஷையை நான் அதிகம் கற்றது அவரிடத்திலேதான். காசு அங்கேயும் வைத்ததில்லை. புளியங்கொட்டையை எண்ணி வெற்றி தோல்வியைக் கணக்கிடுவோம்.

1990 ஆவணியில் யுத்தத்தினால் தீவுகளை விட்டுச் சனங்கள் வெளியேறினார்கள். நாங்களும் வெளியேறினோம். வீட்டையும், கிணற்றையும், மாடுகளையும் விட்டுப் போனவர்களின் கதையை இங்கே ஒரு கடதாசிக் கட்டோடு சேர்த்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பின்னர் வந்து சேர்ந்த இலண்டனிலே சில வருஷம் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்தேன். அங்கே வந்துபோகும் ஒருவர் மூலமாக, சூதாட்ட விடுதியொன்று தாள் பகிர்வோரைப் பழக்கி எடுக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். பயிற்சியில் எனக்கு மிகவும் கஷ்டமாயிருந்தது எது என்று கேட்டால் பலர் நம்பமாட்டார்கள்: கையின் திசைதான். எங்கள் ஊரிலே தாள் போடுவது வலப்பக்கமாக, நாலு நாலாக. அங்கே இடப்பக்கமாக, ஒவ்வொன்றாக. இருபத்தைந்து வருஷம் ஒரு பக்கமாகச் சுழன்ற மணிக்கட்டை மறுபக்கம் திருப்புவதற்கு, அறையிலே கட்டிலின்மேல் ஒன்பது தலையணை உறைகளை வளைவாக விரித்து, அவற்றின்மேல் தாளை எறிந்து எறிந்து பழகினேன். தாள் மேலெழும்பாமல் துணியோடு ஒட்டி வழுக்கிப் போக வேண்டும். எழும்பினால் அதன் முகம் தெரிந்துவிடும். கட்டின் அடித்தாள் ஒருவர் கண்ணிலும் படாதிருக்க அதன்கீழே வெறுந்தாள் ஒன்றைப் பிடித்திருக்க வேண்டும். மேசையை விட்டு எழும்போது இரண்டு கையையும் தட்டி, உள்ளங்கையையும் புறங்கையையும் மேலே இருக்கும் ஒளிப்படக் கருவிக்குக் காட்டிவிட்டுத்தான் எழ வேண்டும்; பணத்துக்குப் பதிலாக வைக்கும் சிப் ஒன்று கூட நம் கையில் ஒட்டியிருக்கவில்லை என்பதற்கு அது சாட்சி. முதல் நாட்களில் அது எனக்கு அவமானமாகத் தோன்றியது. பிறகு, பிறர் பணத்தைக் கையாள்கிறவனுக்கு அது ஒரு கவசம் என்று விளங்கிக்கொண்டேன்.

டர்பன் நகரிலிருந்து வந்த ஒருவர் அங்கே என்னோடு வேலை செய்தார். அவருடைய முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு நேட்டாலுக்குப் போனவர்கள். அவருக்குத் தமிழ் வராது. இடைவேளையொன்றில் நான் பழக்கதோஷத்தால் ஜாக்கையும் ஒன்பதையும் ஆசையும் பத்தையும் வரிசையாக அடுக்கி வைத்திருப்பதைக் கண்டு, அவர் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு ஆங்கிலத்திலே ‘முப்பது, இருபது, பதினொன்று, பத்து’ என்று எண்ணினார். துனீ என்ற பெயரிலே அவர்கள் ஆடுவதும் இதே புள்ளிகளோடுதான்; எட்டையும் ஏழையும் நீக்கி 24 தாளோடு ஆடுகிறார்கள். அந்தப் பெயரே தமிழின் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர்கள் சொல்லிக்கொள்வார்களாம். 1860 முதல் கப்பலேறிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் பாஷையை இழந்த பின்னும் இந்தக் கணக்கை இழக்கவில்லை என்பதைக் கண்டு அன்று எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இனி, போக்கருக்கு வருகிறேன். விடுதிகளில் பெரும்பாலும் ஆடப்படுவது டெக்சாஸ் ஹோல்டெம். ஆளுக்கு இரண்டு தாள் கவிழ்த்துக் கொடுக்கப்படும். நடுவிலே மூன்று, பின் ஒன்று, பின் ஒன்றாக ஐந்து தாள் எல்லாருக்கும் பொதுவாகத் திறக்கப்படும். ஒவ்வொரு படியிலும் பணயம் வைக்கலாம், விடலாம், ஏற்றலாம். ஏழு தாளில் சிறந்த ஐந்தைக் கொண்டவருக்குப் பணம். அல்லது மற்ற எல்லாரும் விட்டு விலகும்படி செய்தவருக்குப் பணம். எந்தச் சேர்க்கை எதற்கு மேல் என்ற வரிசையை ஒரு மாலையில் மனனம் செய்துவிடலாம். எது அரிதோ அது உயர்ந்தது என்பதே அதன் நியாயம். 52 தாளிலிருந்து ஐந்தை எடுக்கக்கூடிய வகைகள் 25,98,960. அவற்றுள் ஒரு சோடி கூட இல்லாத வெறுங்கை 13,02,540; அதாவது பாதிக்கு மேல். முந்நூற்றி நாலிலும் முதல் நாலு தாளில் ஒரு ஜாக்கு கூட வராமல் போவது நூற்றுக்கு ஏறத்தாழ 57 தடவை. நல்ல தாள் வராமையே இயல்பு, வருவதே விசேஷம் என்று அறிந்தவன் அடுத்த தாளைக் குறித்து ஏங்கமாட்டான். புதிதாக ஆட வருகிறவரோ, பணத்தைக் கொண்டுவந்துவிட்டோம், சும்மா இருப்பதற்கா வந்தோம் என்று எல்லாக் கையையும் ஆடுவார். தேர்ந்தவர் பத்துக் கையில் ஏழெட்டை முதற் பார்வையிலேயே மடக்கித் தள்ளிவிட்டு, மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வையிலே நான் பாயின் விளிம்பில் இருந்த இரண்டு வருஷத்தைக் கண்டேன்.

மற்றொன்று, கிரயம். இதை நான் உளுந்து வாங்குகிற கணக்காகச் சொல்லிக் கொடுப்பேன். நடுவிலே 80 பவுண் கிடக்கிறது, எதிரி 20 வைக்கிறான், ஆக 100. உன் கையிலும் பொதுத் தாளிலும் சேர்த்து ஆட்டின் (ஹார்ட்ஸ்) இனத்துத் தாள் நாலு. ஐந்தாவது ஆட்டின் வந்தால் வெல்வாய். திறக்க இன்னும் ஒரே தாள்தான் இருக்கிறது. நீ காணாத 46 தாளில் ஆட்டின் ஒன்பது. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. 20 கொடுத்து 100ஐ எடுக்க நிற்கிறாய் என்றால், ஆறு தடவையில் ஒரு தடவை வந்தாலே நட்டமில்லை. ஆகவே அது ஏற்ற விலை. எதிரி 80 வைத்தால், 80 கொடுத்து 160ஐ எடுக்க நிற்கிறாய். மூன்றில் ஒரு தடவை வந்தால்தான் கட்டும். வராது, ஆகவே விடு. தாள் அதே தாள், ஆசையும் அதே ஆசை. மாறியது விலை மாத்திரந்தான். இதைச் சந்தையிலே ஒருநாளும் பிழைவிடாத கெட்டிக்காரர், மேசையிலே அமர்ந்தவுடன் மறந்துபோவதை எண்ணற்ற தடவை பார்த்திருக்கிறேன்.

2003ஆம் ஆண்டிலே, கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கக் கணக்காளர் ஒருவர், இணையத்தில் 86 டாலர் கட்டி ஆடிய ஓர் ஆட்டத்தின் வழியாக லாஸ் வேகாஸின் உலகப் போட்டிக்குள் நுழைந்து, 25 லட்சம் டாலர் வென்றார். அதற்குப் பிறகு எங்கள் மேசைகளில் இடம் கிடைப்பதே அரிதாயிற்று. தொலைக்காட்சியில் ஆட்டத்தைக் கண்டு வந்த இளைஞர்களுக்கு ஏமாற்றி ஏற்றுவது தெரிந்திருந்தது, மடக்குவது தெரிந்திருக்கவில்லை.

அக்காலத்தில் ஒரு மார்கழி இரவு. என் மேசையில் வந்தமர்ந்த தமிழ்ப் பையன், கைப்பேசியில் யாரோடோ இரண்டு வார்த்தை பேசியதிலிருந்தே தீவுப் பக்கத்தவன் என்று அறிந்துகொண்டேன். எல்லாக் கையையும் ஆடினான். இரண்டு மணித்தியாலத்துக்குள் முன்னாலிருந்த குவியல் பாதியாயிற்று. பிறகு, நான் மேலே சொன்ன அதே நிலை: நாலு ஆட்டின், ஒரே தாள் பாக்கி, எதிரி பெருந்தொகை வைத்துவிட்டான். பையன் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து, ‘அண்ணை, வருமோ?’ என்று தமிழிலே கேட்டான். மேசையில் ஆங்கிலம் தவிர வேறு பேசக் கூடாது என்பது விதி. தாள் பகிர்கிறவன் யாருக்கும் புத்தி சொல்லக் கூடாது என்பது அதனினும் பெரிய விதி. ‘உங்கள் முறை, ஐயா’ என்று ஆங்கிலத்தில் சொன்னேன். கண்ணைத் துணியின் நடுவிலே, தாள் விழுகிற இடத்திலே வைத்துக்கொண்டேன். அவன் மிச்சம் முழுவதையும் தள்ளினான். தாளைத் திறந்தேன், கிளாவர் நாலு.

விடியற்காலை நாலு மணிக்கு வேலை முடிந்து வெளியே வந்தபோது அவன் பேருந்துத் தரிப்பிலே நின்றான். தோற்றது சீட்டுக் காசு என்றான்; அந்த மாதம் அவன் முறைக்கு எடுத்த சீட்டு. ஊருக்கு அனுப்ப வைத்திருந்தது. நான் அவனுக்கு என்ன சொல்லியிருக்க முடியும்? தருமபுத்திரன் இழந்த கதையையும், வள்ளுவர் சூது என்று ஓர் அதிகாரமே இயற்றியிருப்பதையும் அவன் பள்ளியிலே படித்துத்தான் இருந்தான். ‘ஞாயிற்றுக்கிழமை வீட்டை வா தம்பி, இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வா’ என்று மாத்திரம் சொன்னேன். வந்தார்கள். 20 தாளைப் பொறுக்கி அப்பால் வைத்தேன். புளியங்கொட்டை கிடைக்காததால் அவரைக் கொட்டை வாங்கி வைத்திருந்தேன். நான் கற்பிக்கத் தொடங்கியது அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான். அவனை எதிரே இருத்தி என் கட்சியாக்கிக்கொண்டேன். போக்கரில் இல்லாததும் அவனுக்கு வேண்டியிருந்ததும் அதுவே என்று எனக்குத் தோன்றியது: எதிரே ஒருவர் இருக்கிறார், அவருடைய தாள் எனக்குத் தெரியாது, என் பிழை அவரையும் தோற்கடிக்கும் என்ற நினைப்பு. எட்டு மாதம் வந்தான். விடுதிக்கு அவன் மறுபடி வந்ததை நான் காணவில்லை.

ஓய்வு பெற்றபின் வருஷத்தில் சில மாதம் வேலணையில் இருக்கிறேன். வங்களாவடிச் சந்தியிலிருந்து வருகிற தெருவில் பாதி வீடுகள் இன்னும் பூட்டியே கிடக்கின்றன. அந்தக் காலத்துப் பாயில் இருந்தவர்களில் எஞ்சியவர் இரண்டு பேர். நாலாவது கைக்கு ஆள் தேட வேண்டியிருக்கிறது. சென்ற முறை, வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுப் பேத்தி, மத்திய கல்லூரியில் படிக்கிறவள், ஒரு கிழமையாக வேம்பின் கீழே வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் காலத்தில் பெண்பிள்ளைகளை அந்தப் பாயில் இருத்தவில்லை; இருத்தாதது பெரும் பிழை. ‘இரு பிள்ளை’ என்று எனக்கு எதிரே இருந்த இடத்தைக் காட்டினேன்.

மூன்றாவது கையிலே அவள் 170 கேட்டாள். துரும்பைக் கவிழ்த்து வைத்தாள். ஐந்தாவது பிடியில், அவளுக்கு இடப்பக்கத்தில் இருந்த என் பழைய சிநேகிதர், கேட்ட இனம் இல்லையென்று ஒரு தாளைக் கவிழ்த்து அவள் பக்கம் தள்ளினார். கிழவர் மூவரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் தாளின் ஓரத்தை விரலால் நிமிர்த்திப் பார்த்தாள். பார்வை தாளிலிருந்து பாயின் நடுவுக்கு வந்து அங்கேயே நின்றது. தாளை முன்போலக் கவிழ்த்து வைத்துவிட்டு, ‘உங்கடை பிடிதான் அப்பு, இறக்குங்கோ’ என்று என்னிடம் சொன்னாள்.